ஆறும் காற்றும் கடலின் மூச்சும்



ஆசிரியப் பயிற்சி முடித்து நான் பணியேற்ற நான்காம் ஆண்டு, 1986-ஆம் ஆண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். காவிரியின் கடைமடைப் பகுதியில் ஒரு சிற்றூர்ப் பள்ளி. ஆறாம் வகுப்புக்கு விஞ்ஞானப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, எங்கள் குளத்து மீனெல்லாம் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதே, அது ஏன்?” என்று கேட்டான். அவனுடைய தந்தையார் ஊர்க்குளத்தைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்த்து வந்தார். மூன்று நாட்களாக வானம் மூடியிருந்தது. காற்றென்பது சிறிதும் இல்லை. நான் அதிகம் யோசிக்கவில்லை. “மழை வரப்போகிறது, மீன்கள் அதை அறிந்து மகிழ்ச்சியோடு மேலே வருகின்றன” என்று விடை கூறினேன். வகுப்பு சிரித்தது. பையனும் அமர்ந்துவிட்டான்.

மறுநாள் காலையில் குளத்தின் கரை ஓரமெங்கும் கெண்டையும் கட்லாவும் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. பையனுடைய தந்தையாரும் உறவினர் சிலரும் இடுப்பளவு நீரில் இறங்கி, மூங்கிற்கழிகளால் தண்ணீரை அடித்துக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். எஞ்சிய மீன்களைக் காப்பாற்ற அவர்கள் அறிந்த வழி அது. அவர்கள் கைகளுக்குத் தெரிந்திருந்த காரணம் பாடம் சொன்ன எனக்குத் தெரியவில்லை. அந்த மீன்கள் மகிழ்ச்சியால் மேலே வரவில்லை. மூச்சு முட்டி மேலே வந்தன. நான் சரியான விடையை அன்றே கூறியிருந்தால், அன்று மாலையே அவர்கள் குளத்தைக் கலக்கியிருப்பார்கள்.

அந்த வினாவுக்கு இன்று விடை கூற விரும்புகிறேன். குளத்தில் நிகழ்ந்தது எதுவோ, அதுவே பன்மடங்கு பெரிதாகக் கடலிலும் நிகழ்கிறது. அங்கே அதனை ஆட்டிவைப்பவை இரண்டு: ஒன்று ஆற்றின் பெருக்கு, மற்றொன்று காற்று.

மீனுக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் வேண்டிய பிராணவாயு நீரில் கரைந்திருக்கிறது. அது நீருக்குள் வரும் வழிகள் இரண்டு. நீரின் மேற்பரப்பைத் தொடும் காற்றிலிருந்து சிறிது சிறிதாகக் கரைவது ஒரு வழி. பகலில் வெயிலைப் பெற்று நீர்ப்பாசிகள் வெளியிடுவது மற்றொரு வழி. இரண்டு வழிகளும் மேற்பரப்பை ஒட்டியவை என்பதைக் கவனிக்க வேண்டும். அடியிலுள்ள நீருக்கு மேலிருந்து யாரேனும் கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. மேலும், நீர் சூடேற ஏற அது தாங்கும் பிராணவாயுவின் அளவு குறையும். உறைநிலையை ஒட்டிய நன்னீர் ஒரு லிட்டரில் 14 மில்லிகிராமுக்கு மேல் கரைந்திருக்க இயலும். 30 டிகிரி வெப்பமுள்ள நீரில் ஏறக்குறைய 7½ மில்லிகிராம்தான் கரையும். கடல்நீர் உப்புள்ளதாகையால் இன்னும் சற்றுக் குறைவு. இவ்வளவு சிறிய முதலை வைத்துக்கொண்டுதான் நீர்வாழ் உயிர்கள் குடித்தனம் நடத்துகின்றன. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே அளவு இறங்கிவிட்டால், நீந்த வல்லவை அவ்விடத்தை விட்டு ஓடும். ஓட இயலாத சிப்பியும் புழுவும் மடியும்.

இனி, உலகில் இந்நிலை மிக நன்றாக ஆராயப்பட்ட இடமொன்றுக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். அமெரிக்க நாட்டின் தெற்கே மெக்ஸிகோ வளைகுடா இருக்கிறது. அதன் வடகரையில், லூயிஸியானா மாநிலத்தில், மிஸ்ஸிஸிப்பி ஆறு கடலில் கலக்கிறது. அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான அமெரிக்க நிலப்பரப்பில் நூற்றுக்கு 41 பங்கு நிலத்தின் நீர் இந்த ஒரே ஆற்றமைப்பின் வழியே வடிகிறது. 31 மாநிலங்களின் மழைநீர் அதில் அடக்கம். அந்த ஆற்றுமுகத்துக்கு மேற்கே, கரையை ஒட்டிய ஆழமற்ற கடலின் அடிப்பகுதி ஒவ்வொரு கோடையிலும் பிராணவாயுவை இழந்துவிடுகிறது. இழுவை வலையிட்டால் ஒன்றும் அகப்படாத அப்பகுதியைச் ‘செத்த மண்டலம்’ என்று அங்குள்ளோர் அழைக்கின்றனர். நான்ஸி ரபலே என்னும் பெண்மணியும் அவருடைய குழுவினரும் 1985 முதல் பெரும்பாலும் கோடைதோறும் கப்பலில் சென்று அதன் பரப்பை அளந்து வந்திருக்கிறார்கள்.

ஆறு என்றால் நன்மை தருவதன்றோ? அது எவ்வாறு கடலின் மூச்சை அடைக்கும்? இதனை விளங்கிக்கொள்ள ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு கண்ணாடித் தம்ளரில் பாதியளவு உப்புநீர் எடுத்துக்கொண்டு, அதில் இரண்டு துளி மை விடுங்கள். பிறகு ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகின் மேல் வெறும் நீரை மெல்ல மெல்ல ஊற்றுங்கள். நிறமற்ற நீர் மேலேயும் மைநீர் கீழேயும் தனித்தனியே நிற்பதைக் காண்பீர்கள். உப்புநீர் கனமானது, நன்னீர் இலேசானது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. ஆகவே ஆற்றுநீர் கடலை அடைந்ததும் அதனுடன் உடனே கலந்துவிடுவதில்லை. கடலின் மேல் ஒரு மெல்லிய போர்வைபோல் படர்கிறது. கோடை வெயில் அந்தப் போர்வையைச் சூடேற்றி மேலும் இலேசாக்குகிறது. அடியிலுள்ள நீர் பானைக்குள் மூடியிட்டு வைத்ததுபோல் ஆகிவிடுகிறது. மேலுள்ள காற்றுக்கும் அதற்கும் தொடர்பு அறுந்துபோகிறது.

மூடியிடுவது ஆறு செய்யும் முதற் காரியம். இரண்டாவது காரியம் அதனினும் கடுமையானது. மிஸ்ஸிஸிப்பியின் மேற்பகுதியில் ஐயோவா, இல்லினாய் முதலிய மாநிலங்கள் மக்காச்சோளமும் சோயாவும் விளையும் பரந்த வயல்வெளிகள். அவ்வயல்களுக்கு இடும் உரத்தில் பயிர் உண்டது போக மிஞ்சிய நைட்ரஜன், வசந்தகால மழையில் கரைந்து, வடிகால்களின் வழியே ஆற்றைச் சேர்கிறது. நகரங்களின் கழிவுநீரும் விலங்குகளின் சாணமும் அதனுடன் சேர்கின்றன. அவ்வாறு அந்த ஆறு கடலுக்குக் கொண்டுசெல்லும் நைட்ரேட்டின் அளவு, 1950-களில் இருந்ததைவிட 1990-களுக்குள் ஏறக்குறைய மும்மடங்காகிவிட்டது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

உரம் நிலத்தில் பயிரை வளர்ப்பதுபோலவே கடலில் நுண்பாசிகளை வளர்க்கிறது. அவை கோடிக்கணக்கில் பெருகுகின்றன, மடிகின்றன, அவற்றைத் தின்ற சிற்றுயிர்களின் கழிவும் சேர்ந்து அடிக்குச் சொரிகின்றன. அங்கே நுண்ணுயிர்கள் அவற்றை மக்கச் செய்கின்றன. மக்கச் செய்வதும் ஒருவகை உண்பதே. அதற்கும் பிராணவாயு வேண்டும். மேலே மூடி, கீழே விருந்து. மூடிய அறையில் விருந்தினர் பெருகினால் என்ன ஆகுமோ, அதுவே அடிக்கடலில் ஆகிறது.

என் மாணவனுடைய குளத்திலும் இதே கதைதான். மீனுக்கு இரை பெருகட்டும் என்று சாணமும் புண்ணாக்கும் இட்டிருந்தார்கள். நீர் பச்சையாக இருந்தது. மேகம் மூடிய பகலில் பாசிகள் பிராணவாயுவைப் போதிய அளவு உண்டாக்கவில்லை. இரவில் பாசி, மீன், நுண்ணுயிர் யாவும் சேர்ந்து இருந்ததைச் செலவழித்தன. இரவின் கடைசி யாமத்தில், விடியலுக்குச் சற்று முன், இருப்பு மிகக் குறைந்தது. ஆகவேதான் மீன்கள் விடியற்காலையில் மேலே வந்தன.

ஆற்றின் பெருக்குக்கும் செத்த மண்டலத்தின் பரப்புக்கும் உள்ள உறவை ஆண்டுக்கணக்கே காட்டிவிடுகிறது. 1988-இல் அமெரிக்காவில் கடும் வறட்சி. ஆறு மெலிந்து ஓடிற்று. அக்கோடையில் செத்த மண்டலம் ஏறக்குறைய 40 சதுர கிலோமீட்டரே இருந்தது. 1993-இல் மிஸ்ஸிஸிப்பியில் பெருவெள்ளம். அவ்வாண்டின் பரப்பு அதற்கு முந்திய ஆண்டுகளின் சராசரியைப் போல் இருமடங்காயிற்று. அளக்கத் தொடங்கிய பின் கண்ட மிகப் பெரிய பரப்பு 2017-ஆம் ஆண்டினது. அது 22,730 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டின் பரப்பில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல். மே மாதத்தில் ஆறு எவ்வளவு நைட்ரஜனைக் கொண்டுவருகிறது என்பதைக் கணக்கிட்டு, ஜூலை இறுதியில் மண்டலம் எவ்வளவு பரவும் என்று விஞ்ஞானிகள் முன்கூட்டியே கூறுகிறார்கள். பாசி வளரவும் மடியவும் மக்கவும் அவ்வளவு காலம் ஆகிறது.

ஆனால் இந்த முன்கணிப்பு சில ஆண்டுகளில் பொய்த்துவிடுகிறது. பொய்க்கச் செய்வது காற்று.

நாம் செய்த தம்ளர்ச் சோதனைக்குத் திரும்புவோம். ஒரு குழலை வைத்து நீரின் மேல் மெல்ல ஊதுங்கள். மேல்நீர் மட்டும் அசையும், மைநீர் அசையாது. பலமாக ஊதுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லை கலங்கி, மை மேலேறத் தொடங்கும். கடலிலும் இப்படியே. மென்காற்று மூடியைத் தொடுவதோடு நின்றுவிடும். வன்காற்றும் அது எழுப்பும் அலையும் மூடியை உடைத்து, மேல்நீரின் பிராணவாயுவை அடிக்குக் கொண்டுசெல்லும். குளத்தில் மூங்கிற்கழிகள் செய்த வேலையைக் கடலில் காற்று செய்கிறது. மூடி எவ்வளவு தடித்ததோ, அவ்வளவு வலிய காற்று வேண்டும். ஆகவே ஆறு பெருகிய ஆண்டில் சிறு காற்று பயன்படாது.

2020-ஆம் ஆண்டு ஜூலையில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். அவ்வாண்டு செத்த மண்டலம் 6,700 சதுர மைல் பரவும் என்று கணித்திருந்தார்கள். அளவெடுக்கும் கப்பல் புறப்படுவதற்குச் சற்று முன் ஹானா என்னும் புயல் வளைகுடாவைக் கடந்து சென்றது. அளந்தபோது கண்டது 2,117 சதுர மைல் மட்டுமே. கணித்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு!

ஆயின் காற்றை முற்றிலும் நம்பிவிடலாமா? அதற்கு முந்திய ஆண்டைப் பாருங்கள். 2019 ஜூலை நடுவில் பாரி என்னும் புயல் லூயிஸியானாக் கரையைத் தாக்கிற்று. நீர் கலங்கத்தான் செய்தது. எனினும் அவ்வாண்டு ஆறு நெடுங்காலம் பெருகி ஓடியிருந்தது. அடியில் மக்க வேண்டியது மிகுதியாக இருந்தது. புயல் ஓய்ந்த பின் மூடி மீண்டும் விழுந்தது; ஜூலை இறுதியில் அளந்தபோது மண்டலம் ஏறக்குறைய 18,000 சதுர கிலோமீட்டர் பரவியிருந்தது. காய்ச்சலுக்கு ஈரத்துணி இடுவது போன்றது காற்றின் உதவி. சூடு தணியும், நோய் தீராது.

காற்றின் வலிமையைப் போலவே அதன் திசையும் முக்கியமானது. நம் முன்னோர் கீழ்காற்றைக் கொண்டல் என்றும், மேல்காற்றைக் கோடை என்றும், தென்காற்றைத் தென்றல் என்றும், வடகாற்றை வாடை என்றும் பிரித்து வழங்கினார்கள். அப்பெயர்களையே இங்கும் பயன்படுத்துவோம். லூயிஸியானாக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி கொண்டல் வீசுகிறது. அது ஆற்றுநீரைக் கரையோடு ஒட்டி, மேற்கே டெக்ஸாஸை நோக்கித் தள்ளிக்கொண்டு போகிறது. கோடைப் பருவத்திலோ காற்று வலுவிழந்து தெற்கிலும் தென்மேற்கிலுமிருந்து வீசுகிறது. அப்போது ஆற்றுநீர் மேற்கே செல்ல இயலாமல் கரைக்கடலின் மேல் தேங்கிப் படர்கிறது. மூடி அகன்றுவிடுகிறது. வெயில், அமைதி, உரம் ஆகிய மூன்றும் ஒருங்கே கூடுவதும் அப்பொழுதே. 2018-இல் அளவெடுப்பதற்கு முன் சில வாரங்கள் மேற்கிலும் வடமேற்கிலுமிருந்து காற்று விடாது வீசிற்று. அது மூச்சற்ற அடிநீரைக் கிழக்கே ஒதுக்கிக் குவித்துவிட்டமையால் மண்டலத்தின் பரப்பு சுருங்கிக் காணப்பட்டது.

காற்றின் திசை செய்யும் வேலையைக் கண்ணாரக் காட்டும் இடம் அதே வளைகுடாவில் இன்னொன்று உண்டு. அலபாமா மாநிலத்தில் மொபீல் விரிகுடாவின் கிழக்குக் கரையில் டாப்னி, பேர்ஹோப் முதலிய ஊர்கள் இருக்கின்றன. கோடையின் சில இரவுகளில், விடிவதற்கு முன், தட்டைமீனும் நண்டும் இறாலும் விலாங்கும் கூட்டங்கூட்டமாகக் கரையோரத்துக்கு வந்து, முழங்காலளவு நீரில் செயலற்றுக் கிடக்கும். ஊரார் விளக்குகளையும் கூடைகளையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்து அள்ளிச் செல்வர். இதற்கு அவர்கள் ‘ஜூபிலி’, அதாவது பெருவிழா, என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

அந்த விழா எந்த இரவில் வரும் என்பதற்கு ஊரார் குறி வைத்திருக்கிறார்கள்: நீர்ப்பரப்பு அமைதியாக இருக்கவேண்டும், கடலேற்றம் வேண்டும், மெல்லிய கொண்டல் வீசவேண்டும். கொண்டல் ஏன் வேண்டும்? கிழக்குக் கரையில் அது நிலத்திலிருந்து நீரை நோக்கி வீசும் காற்று. மேல்நீரை அது கரையைவிட்டு அப்பால் தள்ளுகிறது. தள்ளிய இடத்தை நிரப்ப, அடியிலுள்ள மூச்சற்ற நீர் கரையை நோக்கி ஏறி வருகிறது. அந்த நீர் துரத்த, அதன் முன்னே அடிவாழ் உயிர்கள் ஓடி வந்து கரையில் முட்டி நிற்கின்றன. மனிதர்க்கு விழா, மீனுக்கு மூச்சுத் திணறல். இதனைப் படித்தபோது, ‘மீன்கள் மகிழ்கின்றன’ என்று வகுப்பில் நான் சொன்ன சொல் என் நெஞ்சில் தைத்தது.

இவை யாவும் அயல்நாட்டுச் செய்திகள் என்று எண்ண வேண்டா. நம் நாட்டின் மேற்குக் கரையிலும் ஆறும் மழையும் காற்றும் இவ்வாறே கூடி விளையாடுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கரையோரமாகத் தெற்கு நோக்கி வீசும் காற்று, புவியின் சுழற்சியால், மேல்நீரைக் கரையைவிட்டு விலக்குகிறது. அரபிக் கடலின் ஆழத்திலிருந்து பிராணவாயு குறைந்த நீர் கரைக்கடலுக்கு ஏறுகிறது. அதன் மேல் மழைநீரும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் ஆற்றுநீரும் மூடியாகப் படர்கின்றன. இவ்வடிநீரில் பிராணவாயு முற்றிலும் அற்றுப்போகும் நிலையைக் கோவாவிலுள்ள தேசியக் கடலாராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 2000-ஆம் ஆண்டில் உலகுக்கு எடுத்துக்காட்டினார்கள். மொபீல் கரையில் கண்டதுபோலவே இங்கும் காற்று உதவுவதற்கு மாறாக இடையூறு செய்கிறது. வலிமையால் மூடியை உடைப்பதும், திசையால் மூச்சற்ற நீரைக் கரைக்குக் கொணர்வதும் ஆகிய இரண்டும் காற்றின் குணங்களே.

இனி, நாம் செய்யத்தக்கது யாது? காற்று மனிதனுடைய ஆணைக்கு அடங்குவதன்று. மழையும் அவ்வாறே. ஆனால் ஆறு எதைச் சுமந்து செல்கிறது என்பது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. அமெரிக்காவில் 2001-இல் ஒரு திட்டம் வகுத்து, செத்த மண்டலத்தின் ஐந்தாண்டுச் சராசரியை 2015-க்குள் 5,000 சதுர கிலோமீட்டருக்குக் குறைப்பது என்று உறுதி பூண்டார்கள். அது கைகூடவில்லை, காலவரம்பை 2035-க்குத் தள்ளிவைத்தார்கள். ஆயிரம் கல் தொலைவிலுள்ள உழவர் இட்ட உரம், தாம் ஒருநாளும் காணாத கடலை வருத்துகிறது என்பதை உணர்த்துவது எளிதன்று.

எனினும் நம்பிக்கை இழக்க வேண்டா. கருங்கடலின் வடமேற்குப் பகுதியிலும் டான்யூப் முதலிய ஆறுகளால் இத்தகைய பெரும் செத்த மண்டலம் இருந்தது. 1990-ஐ ஒட்டி அங்குள்ள நாடுகளில் ஆட்சிமுறை மாறி, உரத்துக்கு அரசு அளித்த உதவி நின்று, உரம் இடுவது வெகுவாகக் குறைந்தது. சில ஆண்டுகளிலேயே அந்த மண்டலமும் சுருங்கிற்று. சுமை குறைந்தால் கடல் தானே மூச்சுவிடும் என்பதற்கு இது சான்று. பயிருக்கு வேண்டிய அளவை வேண்டிய காலத்தில் இடுவதும், வயலுக்கும் வாய்க்காலுக்கும் இடையே புல்லும் மரமும் வளரவிடுவதும், கழிவுநீரைத் தூய்மை செய்து விடுவதும் ஒருவரால் ஆகக்கூடிய காரியங்களே.

குளத்தில் மீன் வளர்ப்போருக்கும் ஒரு சொல். இரண்டு மூன்று நாள் மேகமூட்டமும் காற்றின்மையும் சேர்ந்து, நீர் மிகப் பச்சையாக இருக்குமானால், அன்றைக்கு இரையும் எருவும் இடுவதை நிறுத்துங்கள். நள்ளிரவுக்குப் பின் நீரைக் கலக்குங்கள். இயலுமாயின் புதுநீர் பாய்ச்சுங்கள். மீன்கள் மேலே வரும்வரை காத்திருக்க வேண்டா.

அன்று வினாக் கேட்ட மாணவன் அடுத்த ஆண்டே படிப்பை நிறுத்திவிட்டான். குளத்தில் போட்ட கடனை அடைக்கத் தந்தையாருடன் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நான் பாடம் சொன்னேன். தலைமையாசிரியனாக இருந்து ஓய்வும் பெற்றேன். தெரியாத வினா வந்தபோதெல்லாம், “நாளை பார்த்துச் சொல்கிறேன், அப்பா” என்றே விடையளித்து வந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தை எனக்குக் கற்பித்தவன் அவனே. அவன் எங்கேனும் இப்பேச்சைக் கேட்பானாயின், அவனுக்குரிய விடை, காலங்கடந்தேனும், வந்து சேர்ந்ததாகும்.